ஆர்கேட் கேபினெட்டில் அடாப்டிவ் கண்ட்ரோலர், யுஎஸ்பி போர்ட்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

கேபினெட்டின் முன்பக்கம் யுஎஸ்பி போர்ட்டும் 3.5 மி.மீ. ஜாக்கும் வைப்பது ஒரே காரணத்துக்காக. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆட்டவோ ஆறு பொத்தான்களை விரல்விரலாக அழுத்தவோ முடியாத ஒருவர், தன் உடம்புக்கு ஒத்துவரும் கருவியோடு வந்து உட்கார்ந்து ஆட வேண்டும். ஆகவே கீழே வரும் எந்தப் பிழையும் விளக்கு எரிந்தவுடன் தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆடப்போகிறவர் தானே செருகி, தானே ஓர் ஆட்டத்தைத் தொடங்கி, தானே வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். பாதிப் பிழைகள் அப்போதுதான் தலைகாட்டும்.

இங்கே இரண்டு வகை இணைப்புகள் பேசப்படுகின்றன. யுஎஸ்பி போர்ட்டில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் (2018), பிளேஸ்டேஷன் ஆக்சஸ் கண்ட்ரோலர் (2023) மாதிரி முழுக் கருவியைச் செருகலாம். 3.5 மி.மீ. மோனோ ஜாக்கில் தனி ஸ்விட்ச்: உள்ளங்கையால் தட்டும் பெரிய பொத்தான், கால் மிதி, தலையால் சாய்த்து அழுத்துவது, ஊதி இயக்குவது. உதவிக் கருவிகளில் ஸ்விட்சுகளுக்கு இந்த மோனோ பிளக்தான் வெகுகாலமாகப் பொது வழக்கம். கேபினெட்டில் ஏற்கெனவே இருக்கும் பொத்தானின் இரண்டு காலிலிருந்தும் ஒயர் இழுத்து, ஜாக்கின் முனைக்கும் (பிளக்கின் நுனியைத் தொடும் கால்) உறைக்கும் (பிளக்கின் உடலைத் தொடும் கால்) இணையாகக் கொடுத்தால் போதும். பொத்தானை அழுத்தினாலும் ஸ்விட்சைத் தட்டினாலும், பொத்தான் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் என்கோடர் போர்டுக்கு ஒன்றுதான். தேவைப்படுவது சில பொத்தான்கள் மட்டும் என்றால் ஜாக் போதும் என்பது என் உறுதியான கருத்து. மென்பொருளைத் தொடவே வேண்டாம், ஆட்டக்காரர் எண் மாறும் தொல்லையும் கிடையாது.

பின்கதவைத் திறக்கும் முன் சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய பிக்சர் டியூப் மானிட்டர் உள்ள கேபினெட் என்றால், கழற்றிய பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அந்தப் பக்கம் கை போகவே கூடாது.

செருகினால் விளக்கே எரியவில்லை

போர்ட்டுக்கு 5 வோல்ட் வரவில்லை என்று அர்த்தம். நீட்டிப்புக் கம்பி உள்ளே கழன்றிருக்கலாம். கணினியின் மதர்போர்டில் உள்ள ஒன்பது ஊசி ஹெடரிலிருந்து இழுத்திருந்தால் ஓர் ஊசி தள்ளி மாட்டியிருக்கலாம். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியைப் போர்ட்டின் முதல் முனையிலும் கறுப்பை நான்காம் முனையிலும் வைத்து அளந்து பாருங்கள். வழக்கமான நிற ஒழுங்கு இது: சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ், கறுப்பு கிரவுண்ட். மலிவான கம்பிகள் இந்த ஒழுங்கை மதிப்பதில்லை, அதனால் நிறத்தைவிட மீட்டரை நம்புங்கள்.

மைனஸ் 5 காட்டினால் அந்தப் போர்ட்டில் எதையும் செருகாதீர்கள். தலைகீழான 5 வோல்ட் கண்ட்ரோலரைக் கொன்றுவிடும். அடாப்டிவ் கண்ட்ரோலர் ஒருவரின் கைக்கு ஏற்ப அமைத்து வைத்திருக்கும் கருவி, போனால் அன்றே இன்னொன்று வந்துவிடாது. புதிதாகப் போட்ட போர்ட்டில் முதலில் மீட்டர், அடுத்து ஒரு பழைய மவுஸ், அதன்பிறகே கண்ட்ரோலர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

விளக்கு எரிகிறது, கணினி கண்டுகொள்ளவில்லை

மின்சாரம் வருகிறது, தகவல் வரவில்லை. பெரும்பாலும் சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கம்பிதான் குற்றவாளி. உள்ளே இரண்டு ஒயர் மட்டும் இருக்கும். வேறு கம்பியை மாற்றிப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். கம்பி சரி என்றால் பச்சையும் வெள்ளையும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். இது எதையும் கெடுக்காது, மாற்றிச் சால்டர் செய்தால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் நீளம். யுஎஸ்பி 2.0 கம்பிக்கு எல்லை 5 மீட்டர். உள்ளே 2 மீட்டர் நீட்டிப்பு, வெளியே கண்ட்ரோலரின் சொந்தக் கம்பி, சக்கர நாற்காலியின் தட்டுவரை எட்ட இன்னொரு நீட்டிப்பு என்று போனால் எல்லை சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஒவ்வோர் இணைப்பும் தன் பங்குக்கு சிக்னலைக் கொஞ்சம் தேய்க்கும். உள்ளே முடிந்தவரை குட்டையான கம்பியைப் போட்டு, மிச்ச நீளத்தை ஆடுபவருக்கு விட்டுக்கொடுங்கள்.

ஆட்டத்தின் நடுவே துண்டித்து மறுபடி இணைகிறது

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான், காரணங்களும் பல. ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வர வேண்டும்.

முதலில் மின்னழுத்தம். கண்ட்ரோலரைச் செருகி, அது இயங்கும்போதே போர்ட்டில் அளக்க வேண்டும். சும்மா இருக்கும் போர்ட் எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். இயங்கும்போது 4.75 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்பியைச் சந்தேகியுங்கள். கணக்கு எளிது. 28 கேஜ் மெல்லிய ஒயர் மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் நீட்டிப்பில் மின்சாரம் போய்த் திரும்ப 4 மீட்டர் ஆகிறது, மொத்தம் சுமார் 0.85 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். அதே நீளத்துக்கு 24 கேஜ் தடித்த ஒயர் என்றால் இழப்பு 0.17 வோல்ட்தான். உள்ளே பேட்டரி உள்ள கண்ட்ரோலர் செருகியவுடன் சார்ஜும் ஏற்றத் தொடங்கும். பேட்டரி காலியாக இருக்கும் நாளில் மட்டும் இந்தத் துண்டிப்பு வருகிறது என்றால் காரணம் இதுவேதான்.

கேபினெட்டின் மூளை ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி என்றால் அதன் வரம்பையும் பாருங்கள். பை 4-இல் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5-ஐ 5 ஆம்பியர் தராத பவர் சப்ளையில் ஓட்டினால், எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியரோடு நிறுத்திவிடும். 5 ஆம்பியர் சப்ளை கொடுத்தால் 1.6 ஆம்பியர். இரண்டு என்கோடர், விளக்குப் பொத்தான்கள், ஒலி அட்டை எல்லாம் ஏற்கெனவே பங்கு கேட்டு நிற்கும் இடத்தில் புதிய போர்ட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால் பை மின்பசியில் இருக்கிறது.

ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பை, தனி அடாப்டர் உள்ளதாகப் பார்த்துப் போட்டால் இது தீரும். ஆனால் சில மலிவான ஹப்புகள் கணினியை நோக்கித் திருப்பியும் மின்சாரம் அனுப்பும். கேபினெட்டை அணைத்த பிறகும் பையில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தாலோ, மறுபடி போட்டால் துவங்க மறுத்தாலோ ஹப்பை மாற்றுங்கள். கேபினெட்டின் முதன்மை ஸ்விட்சிலேயே ஹப்பின் அடாப்டரும் அணையும்படி வைப்பது நல்லது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் துண்டிக்கிறதா? எப்போது என்று கவனியுங்கள். மேல்பலகை விளக்கைப் போடும்போதா, ஒலி பெருகும்போதா? அப்படியென்றால் மின்காந்தக் குறுக்கீடு. யுஎஸ்பி கம்பியை 230 அல்லது 120 வோல்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். பிரித்து, கேபினெட்டின் எதிர்ப் பக்கமாக ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். கம்பியைத் தொட்டால் மட்டும் துண்டிக்கிறது என்றால் உள்ளே பிடிமானம் இல்லை. பலகைக்குப் பின்னால் ஒரு கிளிப் போட்டு, இழுப்பு சாக்கெட்டின் மேல் விழாமல் மரத்தின் மேல் விழும்படி செய்யுங்கள். விண்டோஸில் சில நிமிடம் சும்மா இருந்த பிறகு மட்டும் போகிறது என்றால், பவர் அமைப்புகளில், சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். மெதுவாக யோசித்து ஆடுபவருக்கு அந்தச் சில நிமிடம் ஆட்டத்தின் ஒரு பகுதி.

ஜாக்கில் எதையும் செருகாமலே பொத்தான் அழுத்தியபடி நிற்கிறது

நாணய எண்ணிக்கை தானாக ஏறும், அல்லது பாத்திரம் ஒரே பக்கம் ஓடும். உங்கள் ஜாக்கில் மூன்று கால்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஜாக்குகளில், பிளக் இல்லாதபோது முனையோடு தொட்டுக்கொண்டு, செருகியவுடன் விலகும் கூடுதல் கால் ஒன்று உண்டு. கிரவுண்ட் ஒயரை உறைக்குப் பதில் அந்தக் காலில் வைத்துவிட்டால், செருகாதவரை பொத்தான் அழுத்தியபடியே இருக்கும். செருகினால் விடுபட்டுவிடும், ஆனால் ஸ்விட்ச் வேலை செய்யாது. மீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, வெறும் பிளக் ஒன்றைச் செருகியும் எடுத்தும் பார்த்தால் எந்தக் கால் எது என்று தெளிவாகிவிடும்.

ஜாக் சரி என்றால் முன்பலகையைப் பாருங்கள். உலோகப் பலகையில் உலோக உடல் ஜாக்குகளைப் பொருத்தினால், எல்லா உறைகளும் பலகை வழியாக ஒன்றாகிவிடும். பெரும்பாலான என்கோடர்களில் கிரவுண்டே பொது என்பதால் சிக்கல் வராது. பொதுமுனை 5 வோல்ட்டாக உள்ள என்கோடரிலும், வரிசை–நிரல் முறையில் பொத்தான்களைப் படிக்கும் விசைப்பலகைப் போர்டிலும் ஒன்றை அழுத்தினால் வேறொன்று அடிபடும். பிளாஸ்டிக் உடல் ஜாக்கைப் போட்டால் இந்தக் கவலையே இல்லை.

உங்களுடையது எந்த வகை என்று அறிய, கேபினெட் ஓடும்போது மீட்டரின் சிவப்புக் கம்பியை ஜாக்கின் முனையிலும் கறுப்பை உறையிலும் வைத்து அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் குறி இல்லாமல் 3.3 அல்லது 5 வோல்ட் காட்டி, அழுத்தும்போது பூஜ்யத்துக்கு வந்தால் கிரவுண்ட்தான் பொது, இணைப்பும் சரி.

செருகியவுடன் பக்கத்துப் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது

ஸ்டீரியோ ஜாக் ஒன்றில் இரண்டு பொத்தான்களை வைத்திருக்கிறீர்கள். அதில் மோனோ பிளக்கைச் செருகினால் நடு வளையம் உறையோடு ஷார்ட் ஆகி, இரண்டாம் பொத்தான் அழுத்தியபடி நிற்கும். இடம் மிச்சம் என்று இப்படிச் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு மோனோ ஜாக்.

சாதாரண ஸ்விட்ச் வேலை செய்கிறது, சென்சார் ஸ்விட்ச் மட்டும் செய்யவில்லை

முனையும் உறையும் இடம் மாறியிருக்கின்றன. இயந்திர ஸ்விட்சுக்குத் திசை கிடையாது, எப்படி மாட்டினாலும் தொடும். தொடாமலே உணரும் ஸ்விட்சுகள் சிலவற்றில் உள்ளே டிரான்சிஸ்டர் இருக்கும், அதற்குத் திசை முக்கியம். சிக்னல் முனைக்கும் கிரவுண்ட் உறைக்கும் போக வேண்டும். சாதாரண ஸ்விட்சில் மட்டும் சோதித்து முடித்தவர்களுக்கு இந்தப் பிழை மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

மெனுவில் வேலை செய்கிறது, ஆட்டத்துக்குள் செய்யவில்லை

கேபினெட்டின் இரண்டு என்கோடர்களும் முதலாம், இரண்டாம் ஆட்டக்காரர் இடத்தைப் பிடித்துவிட்டன. புதிதாகச் செருகிய கண்ட்ரோலர் மூன்றாம் ஆட்டக்காரர் ஆகிவிட்டது. மெனுவை எந்தக் கண்ட்ரோலரும் நகர்த்தும். இருவர் ஆட்டம் மூன்றாமவரைக் கண்டுகொள்ளாது.

பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் இதற்கு அழகான வழி உண்டு. ஆட்டத்துக்குள் உள்ளீட்டு அமைப்பைத் திறந்து, முதலாம் ஆட்டக்காரரின் ஒவ்வொரு செயலுக்கும் ஏற்கெனவே உள்ளதை அழிக்காமல் இரண்டாவது உள்ளீட்டையும் சேர்க்கலாம். நடுவில் 'அல்லது' என்ற பொருளில் இரண்டும் நிற்கும். கேபினெட் பொத்தானும் அடாப்டிவ் கண்ட்ரோலரும் ஒரே பாத்திரத்தை இயக்கும். குழந்தை குதிக்க, பெரியவர் திசை திருப்ப, இருவராக ஒரே பாத்திரத்தை ஆடவும் இது வழிவிடுகிறது. நான் எல்லாக் கேபினெட்டிலும் இதைப் பரிந்துரைப்பேன்.

பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் ஒவ்வோர் ஆட்டக்காரர் போர்ட்டுக்கும் எந்தச் சாதனம் என்று உள்ளீட்டு அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். முதலாம் போர்ட்டுக்கு அடாப்டிவ் கண்ட்ரோலரைக் கொடுத்துச் சேமியுங்கள். அது செருகப்படாத நாட்களில் பழைய ஒழுங்கு திரும்புகிறதா என்பதையும் சோதியுங்கள்.

என்கோடரை வாங்கும் நிலையில் இருந்தால் விசைப்பலகையாக அடையாளம் காட்டும் வகையை யோசியுங்கள். ஐ-பேக் அப்படிப்பட்டது. அது ஜாய்ஸ்டிக் வரிசையில் இடம் பிடிக்காது, எனவே செருகும் கண்ட்ரோலர் எப்போதும் முதல் ஜாய்ஸ்டிக். ஒரே மாதிரி இரண்டு மலிவான ஜாய்ஸ்டிக் என்கோடர்கள் இருந்தால் இன்னொரு தொல்லை: இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சொல்வதால், புதிய போர்ட் சேர்ந்தவுடன் முதலாமவரும் இரண்டாமவரும் இடம் மாறலாம். லினக்ஸில் அவற்றைப் பெயரால் அல்லாமல், மாட்டப்பட்ட யுஎஸ்பி போர்ட்டின் பாதையால் அடையாளம் காணும்படி விதி எழுதலாம். அது கைவராவிட்டால், என்கோடர்கள் மாட்டிய போர்ட்டுகளை மாற்றாமல் ஒட்டுத்தாளில் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் பல எமுலேட்டர்கள் கவனிக்காது. செருகிவிட்டு ஆட்டத்தைத் துவக்குங்கள்.

அடாப்டிவ் கண்ட்ரோலரில் மாட்டிய ஜாய்ஸ்டிக் தப்பான வேலை செய்கிறது

எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரின் இரு பக்கமும் ஒவ்வொரு யுஎஸ்பி போர்ட் உண்டு. இடப்பக்கம் மாட்டியது இடது ஸ்டிக், வலப்பக்கம் மாட்டியது வலது ஸ்டிக். பழைய ஆர்கேட் ஆட்டங்கள் கேட்பது பெரும்பாலும் இடதைத்தான். வலக்கையால் ஆடுபவர் இயல்பாக வலப்பக்கம் மாட்டியிருப்பார், பாத்திரம் நகராது. ஜாய்ஸ்டிக்கின் கம்பியைக் கண்ட்ரோலரைச் சுற்றி இடப்பக்கம் கொண்டுபோய் மாட்டினால் போதும், கை இருந்த இடத்திலேயே இருக்கலாம். பின்புறம் உள்ள 19 ஜாக்குகளும் பொத்தான் பெயரோடு ஒன்றுக்கு ஒன்று வருபவை. திசைக்கு நான்கு தனி ஸ்விட்ச் வேண்டியவருக்கு டி-பேட் ஜாக்குகள் அங்கேயே இருக்கின்றன.

ஒரு தட்டு இரண்டாக விழுகிறது

ஸ்விட்சின் உலோகத் தகடு துள்ளுவதா, ஆடுபவரின் கை நடுங்குவதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். நீங்கள் அழுத்தும்போதும் இரட்டித்தால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது ஒயர் மாட்டும் லக் தளர்ந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள். அவர் அழுத்தும்போது மட்டும் என்றால் அது கருவியின் பழுது அல்ல. என்கோடர்கள் வடிகட்டுவது சில மில்லிசெகண்ட் துள்ளலை மட்டும். நடுக்கத்துக்கு நூறு, இருநூறு மில்லிசெகண்ட் தேவைப்படலாம். ஜிபி2040-சிஇ மாதிரி திறந்த மென்பொருளில் ஓடும் போர்டுகளில் இந்தத் தாமதத்தை மாற்ற முடியும். உதவிக் கருவி வகையில் தாமதமும், ஒரு தட்டில் அழுத்தியபடியே நிற்கும் தாழ்ப்பாள் வசதியும் உள்ள ஸ்விட்ச் பெட்டிகளும் கிடைக்கின்றன. தாமதத்தைக் கூட்டினால் வேகமாகத் தொடர்ந்து சுடுவது குறையும். முடிந்தால் அதை அந்த ஜாக்குக்கு மட்டும் வைத்து, மற்ற பொத்தான்களைத் தொடாமல் விடுங்கள். எவ்வளவு என்பதை ஆடுபவரே சொல்லட்டும்.

தொடர்ந்து சுட வேண்டிய ஆட்டங்களுக்கு மேமிலும் ரெட்ரோஆர்ச்சிலும் தானியங்கிச் சுடும் வசதி இருக்கிறது. தயங்காமல் போட்டுக் கொடுங்கள்.

ஆட முடிகிறது, வெளியே வர முடியவில்லை

ராஸ்ப்பெரி பையில் பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை போன்ற மென்பொருள்களில் செலக்டையும் ஸ்டார்ட்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் ஆட்டத்திலிருந்து வெளியேறலாம். ஒரே ஸ்விட்சால் ஆடுபவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். கேபினெட் கட்டுபவர்கள் கடைசிவரை கவனிக்காத பிழை இது, ஏனென்றால் சோதிக்கிற கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வெளியேறுவதற்கென்று தனிப் பொத்தானும் அதற்கு இணையாக ஒரு ஜாக்கும் வையுங்கள். தவறிப் பட்டுவிடும் என்று பயமிருந்தால், ரெட்ரோஆர்ச்சில் இருமுறை அழுத்தினால் மட்டும் வெளியேறும்படி அமைக்கலாம். நாணயப் பொத்தானுக்கும் ஸ்டார்ட்டுக்கும் ஜாக் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சுடவும் குதிக்கவும் வைத்துவிட்டு இவற்றை மறப்பது வழக்கம்.

எல்லாம் வேலை செய்கிறது, அவரால் செருக முடியவில்லை

பிளக் முழுதாக உள்ளே உட்காரவில்லை என்றால் பலகையின் தடிமன்தான் காரணம். பலகையில் திருகும் போர்ட்டுகள் சில மில்லிமீட்டர் உலோகத்தகட்டை நினைத்துச் செய்யப்பட்டவை. கேபினெட் பலகையோ 18 மி.மீ. பின்புறமிருந்து, தட்டையான அடியுள்ள குழி போடும் ஃபார்ஸ்ட்னர் பிட் வைத்துக் குடைந்து, அந்த இடத்தில் மட்டும் மரத்தை மெலிதாக்குங்கள். முன்னாலிருந்து குடைந்தால் போர்ட் குழிக்குள் போய், பிளக்கின் பிளாஸ்டிக் உடல் விளிம்பில் முட்டும். 30 மி.மீ. பொத்தான் துளையில் அப்படியே பொருந்தும் யுஎஸ்பி போர்ட்டுகள் கிடைப்பதால், பயன்படாத பொத்தான் துளையொன்று இருந்தால் டிரில்லே வேண்டாம்.

இடமும் உயரமும் அடுத்தது. நாற்காலியில் இருப்பவர் நேராகக் கை நீட்டி எட்ட, அமெரிக்கக் கட்டட அணுகல் தரம் சொல்லும் அளவு தரையிலிருந்து 380 முதல் 1220 மி.மீ. வரை. முழங்கால் உள்ளே போக 685 மி.மீ. உயரமும் 760 மி.மீ. அகலமும் கேட்கிறது. இவை துவக்கப் புள்ளிகள்தான், உங்கள் வீட்டு ஆட்டக்காரரின் கை எங்கே இளைப்பாறுகிறதோ அந்த இடம் இவற்றைவிடச் சரியானது. கண்ட்ரோல் பலகையின் முன்விளிம்புக்குக் கீழே போர்ட் வைத்தால் குனிந்து பார்க்க வேண்டும், முழங்காலும் பிளக்கில் இடிக்கும். பக்கவாட்டில், பலகை உயரத்துக்குச் சற்றுக் கீழே வைப்பது பெரும்பாலும் ஒத்துவரும்.

விரல் பலம் குறைந்தவருக்கு யுஎஸ்பி பிளக்கைத் திசை பார்த்து அழுத்துவதே பெரும்பாடு. அதற்குப் போர்ட்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரு குட்டை நீட்டிப்பை எப்போதும் செருகியபடி விட்டு, அதன் மறுமுனையை ஆடுபவர் பக்கம் மேசையில் பிடிப்போடு பொருத்துங்கள். பிளக்கின் மேல் பக்கம் எது என்று தடவினால் தெரிய, துணியால் ஆன ஒட்டுப்புள்ளி ஒன்றைப் பிளக்கிலும் போர்ட்டுக்கு மேலேயும் ஒட்டுங்கள். ஜாக்குகளுக்கு வேறு வடிவத்தில் புள்ளிகள். காந்த முனைக் கம்பிகள் இன்னும் எளிது, ஆனால் பல காந்த முனைகள் சார்ஜுக்கு மட்டும் ஆனவை. தகவலும் கடத்துவதாகக் குறிப்பிட்டிருப்பதை வாங்கி, முதலில் பழைய மவுஸில் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.